பூஞ்சை மேடமும் படிவத்தின் ஏழாம் பகுதியும்

இந்த வருடம் நிதிக் குழு பூஞ்சைக்குப் பணம் கொடுக்கப்போகிறதாம்.

அவளிடம் இதைச் சொன்னவர், எல்லோரும் தாடி என்று கூப்பிடுகிற பழைய சகா. தாடிக்குச் சொன்னவர் நூலகத்தில் நகல் எடுத்துக் கொடுப்பவர். நகல்காரருக்குச் சொன்னது, நிதிக் குழுத் தலைவரின் கார் ஓட்டுநருக்கு ஏதோ ஒரு வகையில் மைத்துனராகிற ஆள். தலைவர் புது வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம்கூட ஆகவில்லையாம். அதற்குள் மனைவியின் துணி அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துவிட்டதாம். "ஊர்ல இருக்கற ஆராய்ச்சிக்காரங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுக்கறீங்களே, இந்தக் கறுப்பு ஏன் வருதுன்னு சொல்ல ஒரு ஆள் இல்லையா?" என்று அந்த அம்மாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாராம். நாட்டின் ஆராய்ச்சிக் கொள்கை வகுக்கப்படுவதற்கு இதைவிட முறையான வழி இருப்பதாக அவளுக்கும் தெரியவில்லை.

"நிஜமாவா?" என்றாள்.

"நகல்காரர் ஏன் மேடம் பொய் சொல்லப்போறார்? அவருக்கு ஒரு பக்கத்துக்கு இவ்வளவுன்னு வந்துடுது. பொய் சொல்லித்தான் பிழைக்கணும்கற கட்டாயம் நமக்குத்தான்" என்றார் தாடி.

தாடி ஒரு காலத்தில் நட்சத்திரங்களை ஆராய்ந்தவர். நட்சத்திரங்களுக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றுபோனதும், பல்கலைக்கழகம் அவருடைய திறமையை வீணாக்க மனமில்லாமல் தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டுகளுக்கு எண் போடும் வேலையைக் கொடுத்தது. அங்கே உள்ள காப்பி இயந்திரத்தில் பால் வராது என்பதால் தினமும் பத்தரை மணிக்குப் தம் பழைய இடமான அறிவியல் கட்டடத்துக்கு வந்து, காப்பியோடு உலகச் செய்திகளையும் வழங்கிவிட்டுப் போவார்.

அவளுக்கு வீட்டார் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி வாசல் காவலர் முதல் டீன் வரை எல்லோருக்கும் அவள் பூஞ்சை மேடம். வீட்டுச் சுவர்களில் ஈரம் கோத்துப் பிடிக்கும் பூஞ்சைதான் அவளுடைய ஆராய்ச்சி. "நல்ல தலைப்பும்மா, யாருமே தொடாத தலைப்பு" என்று அவளுடைய வழிகாட்டி ஆசிரியர் ஆசீர்வதித்து அனுப்பியபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. யாருமே ஏன் தொடவில்லை என்பது புரிவதற்குள் நாற்பத்து மூன்றாகிவிட்டது.

அறிவியல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், படிக்கட்டுக்கும் உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற இடம் அவளுடைய ஆய்வகம். கதவு கிடையாது. ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, அதில் வைத்துப் பார்க்கும் கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய பெட்டிகள். அவள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் இந்த ஊரிலேயே மிகச் செழிப்பான பூஞ்சை வளர்ந்துகொண்டிருந்தது. அதை ஆராயலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பாள். ஒவ்வொரு வருடமும் கட்டடப் பராமரிப்புப் பிரிவு வந்து அதன்மேல் வெள்ளையடித்துவிட்டு அவளிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்.

அவளுடைய வேலை ஆறு மாத ஒப்பந்தம். இப்போது ஓடுவது இருபத்திரண்டாவது ஆறு மாதம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று நாள் இடைவெளி விடுவார்கள். தொடர்ச்சியாக வேலை பார்த்தவள் என்று நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் அவள் சொல்லிவிடக் கூடாது அல்லவா. அந்த மூன்று நாளும் அவளுடைய அட்டையைக் காட்டினால் வாசல் திறக்காது. காவலர் எழுந்து வந்து கையால் திறந்துவிடுவார். "இன்னிக்கு நீங்க இங்க இல்ல மேடம். உள்ள வாங்க" என்பார். இல்லாத நாட்களிலும் அவள் வந்து வேலை பார்த்தாள். பூஞ்சைக்கு ஒப்பந்த இடைவெளி கிடையாது.

இப்போது புது விதி ஒன்று வந்திருந்தது. பதினொரு வருடத்துக்கு மேல் யாரையும் தற்காலிகமாக வைத்திருப்பது மனிதாபிமானம் அல்ல என்று பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று தோன்றியிருந்தது. ஆகவே, சொந்தமாக நிதி கொண்டுவருகிறவர்கள் இருக்கலாம். மற்றவர்கள் ஒப்பந்த முடிவில் மனிதாபிமானத்தோடு வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். அவளுடைய இருபத்திரண்டாவது ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது.

வேலை போனால் சம்பளம் போகும். அது எல்லோருக்கும் உள்ளதுதான். அவளுக்கு அதைவிடக் கவலை, நாற்பது சுவர்கள்.

நகரத்தில் நாற்பது வீடுகளில், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவரில், ஒரு சதுர அடி அவளுடையது. பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய், ஒட்டும் நாடாவை அந்தக் கட்டத்தின்மேல் அழுத்தி எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொண்டுவருவாள். வீட்டுக்காரர்களிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: அந்தக் கட்டத்தைத் துடைக்கக் கூடாது, வண்ணம் அடிக்கக் கூடாது. பதினொரு வருடத்தில் அந்த வீடுகளில் வாடகைக்காரர்கள் மாறினார்கள், கல்யாணம் நடந்தது, சாவு நடந்தது. நீலமும் பச்சையும் அடித்தார்கள். கட்டத்தை மட்டும் சுற்றிவிட்டு அடித்தார்கள். எந்த உறுதிமொழிப் பத்திரத்திலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படி ஒரே சுவரைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை என்று அவள் விண்ணப்பங்களில் எழுதுவாள். "ஏன் யாரும் இல்லை என்று விண்ணப்பதாரர் விளக்கவில்லை" என்று ஒரு மதிப்பீட்டாளர் பதில் எழுதியிருந்தார்.

அப்படி முப்பத்தொரு விண்ணப்பங்கள். முப்பத்தொரு மறுப்புக் கடிதங்கள். எல்லாம் "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று தொடங்கி, "கடும் போட்டி" என்று வருந்தி, "தங்கள் முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகள்" என்று முடியும். அவள் கணவர் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவர். அவருக்கு அந்தக் கடிதங்களின் நாகரிகம் மிகவும் பிடித்துப்போயிற்று.

"எங்க இடத்துல பஸ் வரலைன்னா ஜனங்க வாய்க்கு வந்தபடி திட்டறாங்க. இனிமே நாங்களும் இந்த மாதிரி ஒரு போர்டு எழுதி வெச்சிடலாம். காத்திருந்த ஆர்வத்துக்கு நன்றி, உங்க பயணம் வெற்றிபெற வாழ்த்துகள்."

"கிண்டல் பண்ணாதீங்க. இந்தத் தடவை கிடைச்சாலும் கிடைக்கும். பூஞ்சைக்குன்னே தர்றாங்களாம்."

"யார் சொன்னா?"

"தாடி."

"நட்சத்திரத்தை விட்டுட்டு ஜோசியம் பார்க்க ஆரம்பிச்சுட்டாரா?"

பத்தாவது படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "அம்மா முப்பத்தொரு தடவை ஃபெயில். நான் கணக்குல ஒரே ஒரு தடவை. இந்த வீட்ல திட்டு வாங்கறது மட்டும் நான்."

"உனக்கு வாழ்த்துக் கடிதம் வரலைல்ல, அதான்" என்றார் அவர்.

*

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு அலுவலர். திங்கட்கிழமை தவறாமல் எல்லோருக்கும் "இந்த வார வாய்ப்புகள்" என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது அவருடைய கடமை. அதனால் அவருக்கு வாய்ப்பு சார் என்றே பெயர். முப்பத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட கடல் ஆமை ஆய்வாளர்களுக்கு ஒரு வாய்ப்பு. சொந்தமாகச் செயற்கைக்கோள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு. கடைசித் தேதி நேற்றோடு முடிந்துவிட்ட மூன்று வாய்ப்புகள். "அனைவரும் பயன்படுத்திக்கொள்ளவும்" என்று முடித்து, கீழே சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருப்பார்.

வதந்தி உண்மைதான் என்பது அடுத்த திங்கட்கிழமை மின்னஞ்சலிலேயே தெரிந்துவிட்டது. நான்காவதாக நின்றது: "ஆரோக்கியமான வீடுகள் — சிறப்பு நிதி." ஐந்து வருடத்துக்கு. சம்பளம், உதவியாளர், கருவிகள் எல்லாம் சேர்த்து.

படிவம் நாற்பத்தெட்டுப் பக்கம். ஆறு பகுதிகளை அவள் ராத்திரி பகல் பாராமல் எழுதினாள். ஏழாம் பகுதி "நிறுவனத்தின் உறுதிமொழி". விண்ணப்பதாரரைப் பற்றிப் பல்கலைக்கழகம் என்ன நினைக்கிறது, அவருக்காக என்ன செய்யப்போகிறது என்று டீன் ஐந்நூறு சொற்களில் தம் கைப்பட எழுதித் தரவேண்டும். டீன்கள் தம் கைப்பட எழுதுவது கையெழுத்து மட்டும்தான் என்பது நிதிக் குழுவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தன்னைப் பற்றிப் பல்கலைக்கழகம் எப்படி வியக்கிறது என்று விண்ணப்பதாரரே எழுதிக்கொண்டு போவார். டீன் அதன் அடியில் வியந்து கையெழுத்திடுவார்.

தன்னைத் தானே புகழ்ந்து எழுதக் கூச்சமாக இருந்ததால் அவள் வாய்ப்பு சாரிடம் போனாள்.

"எதுக்கு மேடம் மண்டையை உடைச்சுக்கறீங்க? ரோபோ சார் விண்ணப்பம் இருக்கு. அது ஜெயிச்ச விண்ணப்பம். அதுல இருக்கற ஏழாம் பகுதியை அப்படியே எடுத்துப் பேரை மட்டும் மாத்துங்க. எல்லாரும் அதான் பண்றாங்க."

ரோபோ சார் மூன்று வருடத்துக்கு முன் பல்கலைக்கழகம் வெளியிலிருந்து வலைவீசிப் பிடித்துவந்த பேராசிரியர். ஒரு வருடம் இருந்தார். பிறகு அவரை இன்னும் பெரிய வலை ஒன்று பிடித்துக்கொண்டு போய்விட்டது. ரோபோவையும் கொண்டுபோய்விட்டார், அவருக்குக் கொடுத்திருந்த இரண்டு அறைகளின் சாவியையும் கொண்டுபோய்விட்டார். அந்த அறைகள் இன்னும் பூட்டியே கிடக்கின்றன.

கடைசி நாள், மாலை நான்கு மணி கெடு. மூன்று மணிக்கு டீன் ஏதோ திறப்பு விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் படிவத்தை நீட்டினாள். கார் கதவைத் திறந்தபடியே, பேனாவை வாங்கி, காரின் கூரைமேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "வாழ்த்துகள் மேடம், பிரமாதமா வரும்" என்றார். எது என்று கேட்கவில்லை.

மேலே வந்து படிவத்தை ஸ்கேனரில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் ஏழாம் பகுதியை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தாள். பெயர் மாறியிருந்தது. ரோபோ இருந்த இடங்களிலெல்லாம் பூஞ்சை இருந்தது. நான்காவது பத்தி மட்டும் ரோபோ சாருக்கு என்ன சொன்னதோ அதையே அவளுக்கும் சொன்னது.

*இத்திட்டம் தேர்வானால், விண்ணப்பதாரருக்கு உடனடியாக நிரந்தரப் பேராசிரியர் பணியிடம் வழங்கப்படும். அவருடைய பயன்பாட்டுக்கென இரண்டு அறைகள் ஒதுக்கப்படும். முதல் மூன்று வருடங்களுக்கு அவர் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இதற்குப் பல்கலைக்கழகம் முழுப்பொறுப்பு ஏற்கிறது.*

அதன் அடியில், கார்க் கூரையின் வளைவு தெரிகிற மாதிரி, டீனின் கையெழுத்து.

மணி மூன்று நாற்பது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு அனுப்பினால் கையெழுத்து செல்லாது. டீனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. நாளைக்குக் கேட்டு வாங்கலாம் என்றால் நாளைக்கு நிதி கிடையாது. பயணச்சீட்டு இருந்தும் பரிசோதகரைப் பார்த்தால் எழுந்து நிற்கிற சுபாவம் அவளுடையது. வீட்டுக் கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு மூன்று ஐம்பத்தைந்துக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றால், அனுபவத்திலிருந்து. முப்பத்தொரு கடிதங்கள் கொடுத்த அனுபவம். எப்படியும் கிடைக்கப்போவதில்லை. கிடைக்காத விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தால் யாருக்கு என்ன?

*

கிடைத்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு நேர்காணல் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நிதிக் குழுத் தலைவர். மற்ற இருவரும் மாதிரி அளவு, பிழை வரம்பு என்று கேட்டார்கள். தலைவர் வெகுநேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"துணி அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடலாமா?"

"கூடாது சார். நாலு விரல் தள்ளிப் போடணும். பின்னால காத்து போகணும்."

அவர் குறித்துக்கொண்டார். பதினொரு வருட ஆராய்ச்சியில் ஒரு முடிவு உடனே நடைமுறைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

கிளம்பும்போது குழுவிலிருந்த அம்மையார் சொன்னார். "உங்க ஏழாம் பகுதி ரொம்ப நெகிழ்ச்சியா இருந்தது. ஒரு ஒப்பந்த ஊழியர் மேல இவ்வளவு நம்பிக்கை வைக்கற நிறுவனத்தை நாங்க பார்த்ததே இல்ல. உங்க டீன் ரொம்ப நல்லவரா இருக்கணும்."

"ஆமா மேடம்" என்றாள்.

முடிவு திங்கட்கிழமை வந்தது. ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்று மாலையே டீன் அவளை வரவழைத்துப் பூங்கொத்து கொடுத்தார்; அதே பூங்கொத்தைத் திரும்ப வாங்கி, கொஞ்சம் உயரத்தூக்கி மறுபடி கொடுக்க, மறுபடி படம் எடுத்தார்கள். முதல் படத்தில் டீன் கண்ணை மூடிவிட்டாராம். "இவங்க மேல எனக்கு எப்பவுமே தனி நம்பிக்கை" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். கதவில்லாத ஆய்வகம் எந்த மாடியில் இருக்கிறது என்று உதவியாளரிடம் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நிதிக் குழுவின் கடிதத்தில் இரண்டாம் பக்கமும் இருந்தது. அதை முதலில் படித்தது அவள்தான். ஏழாம் பகுதியின் நான்காம் பத்தியில் கண்டுள்ள உறுதிமொழியை அதில் கையெழுத்திட்டவர் வாய்மொழியாக உறுதிப்படுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நிதிக் குழு அலுவலர் டீனின் நேரடி எண்ணில் கூப்பிடுவார். உறுதிப்படாவிட்டால் நிதி அடுத்த விண்ணப்பதாரருக்குப் போகும்.

செவ்வாய்க்கிழமை காலை, அலுவலகம் திறக்கும் முன்னாலேயே போய் வாய்ப்பு சாரின் அறை வாசலில் நின்றாள். அவர் கடிதத்தைப் படித்தார். பிறகு கணினியில் எதையோ தேடினார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பார்க்க, அவர் முகத்தில் இருந்த திங்கட்கிழமைச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோயிற்று.

"மேடம், இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

"என்ன சார்?"

"இந்த வருஷம் நம்ம பல்கலைக்கழகத்துலேர்ந்து வெவ்வேறு நிதிக்குப் போனது பதினேழு விண்ணப்பம். பதினேழு பேருக்கும் நான்தான் ரோபோ சார் காகிதத்தைக் கொடுத்தேன். பதினேழு பேரும் பேரை மட்டும் மாத்தியிருக்காங்க."

"அப்படின்னா?"

"டீன் பதினேழு பேருக்கு நிரந்தர வேலை தர்றதா கையெழுத்துப் போட்டிருக்கார். ஆளுக்கு ரெண்டு ரூம். முப்பத்து நாலு ரூம் மேடம். இந்தக் கட்டடத்துல கழிவறையையும் சேர்த்து எண்ணினாலே இருபத்தாறுதான்."

"மத்த பதினாறு பேர்?"

"கடவுள் புண்ணியத்துல ஒருத்தருக்கும் கிடைக்கலை" என்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆயிடுச்சு."

*

டீன் அவளை அழைத்தது புதன்கிழமை. கடிதம் அவர் மேசைமேல், இரண்டாம் பக்கம் தெரியும்படி இருந்தது.

"இது என்ன மேடம்?"

"கடிதம் சார்."

"கடிதம்னு தெரியுது. இதுல நான் உங்களுக்கு நிரந்தர வேலை தர்றதா இருக்கே."

"ஆமா சார்."

"ரெண்டு ரூம் வேற."

"ஆமா சார்."

"மூணு வருஷம் கிளாஸே எடுக்க வேண்டாமாம்."

"அது வேண்டாம் சார். நான் எடுக்கறேன்."

டீன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதை எழுதினது யாரு?"

அவள் பஸ்ஸில் வரும்போதே நான்கு பதில்கள் தயார் செய்திருந்தாள். நான்கும் அந்த நேரம் பார்த்துக் கம்பி நீட்டிவிட்டன. உண்மை மட்டும் போகத் தெரியாமல் நின்றது.

"நான்தான் சார். ரோபோ சாரோட விண்ணப்பத்துலேர்ந்து எடுத்தேன். நீங்க கையெழுத்துப் போட்டப்புறம்தான் அந்தப் பத்தியைப் பார்த்தேன். உங்களுக்கு போன் பண்ணேன், எடுக்கலை. அனுப்பிட்டேன்."

"தெரிஞ்சே?"

"கிடைக்காதுன்னு நினைச்சேன் சார். எனக்கு எப்பவும் கிடைக்காது."

இந்தக் கடைசி வாக்கியம் டீனுக்குப் புரிந்தது. அவரும் ஒரு காலத்தில் விண்ணப்பித்தவர்தான். டீனாக இருக்க யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று தெரிந்த பிறகுதான் டீனானார்.

"சரி, விடுங்க. வெள்ளிக்கிழமை கூப்பிடறப்ப, இது அலுவலகத்துல நடந்த தட்டச்சுப் பிழைன்னு சொல்லிடறேன். வருத்தம் தெரிவிச்சிடலாம். உங்க பேர் கெடாம நான் பார்த்துக்கறேன்."

பேர் கெடாமல் வீட்டுக்குப் போகலாம். நாற்பது வீடுகளிலும் வண்ணம் அடித்துவிடலாம். அவள் எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். இருபத்திரண்டு தடவை அந்த அறையிலிருந்து "நன்றி சார்" என்று சொல்லிக்கொண்டு எழுந்தவள்தான். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

"பிழைன்னு சொன்னா, எப்படி வந்த பிழைன்னு அவங்க பார்ப்பாங்க சார்."

"பார்க்கட்டுமே."

"இந்த வருஷம் நம்ம விண்ணப்பம் பதினேழு போயிருக்கு. எல்லாத்துலயும் இதே பத்தி இருக்கு. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெரிந்திருந்தால் பத்து வருடத்துக்கு முன்பே எங்கேயாவது கதவுள்ள அறையில் இருந்திருப்பாள்.

டீன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவளைப் பதினொரு வருடத்தில் முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"மிரட்டறீங்களா மேடம்?"

"இல்ல சார், பயமா இருக்கு. அதான் சொன்னேன்."

அதுவும் உண்மைதான்.

"பதினேழா?" என்றார் அவர்.

"பதினேழு சார்."

"துணைவேந்தர்கிட்டப் பேசணும். நிரந்தர இடம்னா சும்மாவா. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வந்துடுங்க. நேர்ல இருங்க." என்ன செய்யப்போகிறார் என்பதற்குப் பிடி கொடுக்காமலே அவர் கோப்பை மூடினார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னாள். கணவர் சிரிக்கவில்லை.

"நீயா அப்படிச் சொன்னே?"

"வாயில வந்துடுச்சு."

"காய்கறிக்காரர் அழுகினதைப் போட்டாக்கூட நன்றி சொல்லி வாங்கிட்டு வர்றவ நீ."

"இப்ப என்ன பண்றதுங்க?"

"என்ன பண்றது? முப்பத்தொரு தடவை பஸ் வரலை. ஒரு தடவை வந்திருக்கு. ஓட்டுநர் நிறுத்துவாரா மாட்டாரான்னு பார்க்கணும்."

வியாழக்கிழமை மூன்று மாதச் சுற்றில் தையல்காரம்மாவின் வீட்டு முறை. பதினோராவது சுவர். போய்ப் பார்த்தால் வீட்டுச் சாமான்களெல்லாம் நடுக்கூடத்தில் குவிந்திருந்தன. வீட்டு உரிமையாளர் மாறிவிட்டாராம், எல்லா அறைக்கும் புது வண்ணம். படுக்கையறையில் வண்ணம் பூசுகிறவர் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். மூன்று சுவர் வெளிர்மஞ்சளாகிவிட்டது. நான்காவதில் பென்சில் கட்டத்தின் விளிம்பு வரை வந்து நிறுத்தியிருந்தார்.

"வாங்க மேடம். இவரு கேட்கவே மாட்டேங்கறாரு. எங்க மேடத்தோட சுவரு, அவங்க வராம தொடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள் தையல்காரம்மா, தையல் இயந்திரத்தின் மேல் விழுந்திருந்த சுண்ணாம்பைத் தட்டியபடி. "எங்க வீட்டுக்காரரோட இருமல் கணக்கையும் எழுதி வெச்சிருக்கேன். இந்த மூணு மாசத்துல பத்தொன்பது நாள். போன தடவையைவிட ஏழு நாள் அதிகம். என்னன்னு பாருங்க."

பழைய துணி அளவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில், தேதி வாரியாக, புருஷனின் இருமலை அந்த அம்மாள் எழுதிவைத்திருந்தாள். எந்த மதிப்பீட்டாளரும் கேட்காத தரவு. அவள் நாடாவை அழுத்தி எடுத்தாள். சில்லில் ஒட்டினாள். தேதி எழுதினாள்.

வண்ணக்காரர் ஏணியிலிருந்தே கேட்டார். "எடுத்தாச்சில்ல? இதையும் அடிச்சு முடிச்சிடட்டுமாங்க? புது ஓனர் ஒரு இடம் விடக் கூடாதுன்னுட்டார்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் விட்டு வைங்க."

"நாளைக்கு மத்தியானம் என்ன?"

"ஒரு போன் வரணும்."

"சுவருக்கா?"

"ஆமா" என்றாள்.

*

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு அவள் டீன் அறையில் இருந்தாள். டீன் துணைவேந்தரைப் பார்த்தாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். உதவியாளர் வந்து காப்பி வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேருமே குடிக்கவில்லை. மேசைமேல் ஏழாம் பகுதியின் நகல் இருந்தது. நான்காவது பத்தியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. சம்மதிக்கிறவர்களும் கோடு போடுவார்கள், மறுக்கிறவர்களும் போடுவார்கள். தலைகீழாகப் படிக்க முயன்றாள். ஓரத்தில் ஏதோ எழுதியிருந்தது, டீனின் முழங்கை மறைத்தது.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டீன் சொன்னார், "விண்ணப்பத்துல எத்தனை சுவர்னு எழுதியிருந்தீங்க?"

"நாற்பது சார்."

"பதினொரு வருஷமா யாரும் அதைத் தொடலையா?"

"தொடலை சார்."

"நீங்க எழுதி வாங்கிக்கலையா?"

"இல்ல சார். சும்மா கேட்டுக்கிட்டேன்."

அவர் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. அவர் கை நீண்டு, ரிசீவருக்கு ஒரு சாண் தூரத்தில், காற்றில் நின்றது.

"எத்தனை தடவை அடிச்சா போன் நின்னுபோகும்?"

"பன்னிரண்டுன்னு நினைக்கிறேன் சார்."

"இப்ப எத்தனை?"

"நாலு."

அவர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார். தண்ணீர் ஒரு வாய் குடித்தார். சிவப்புக் கோடு போட்ட பத்தியை உதடசையாமல் இன்னொரு தடவை படித்தார்.

"இப்ப?"

"ஏழு சார்" என்றாள்.